மாப்பிள்ளையின் கீபோர்டுக்கு எண்ணெய் போட்ட விவரம்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் வீட்டுக்காரர், பால்கனிச் செடிகள் எல்லோரும் நலம். அங்கு தங்கள் நலமும், அண்ணன் அவர்களின் முழங்கால் நலமும், தங்களோடு ஒரு வாரம் இருக்க வந்திருக்கும் மகள், மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். இங்கே நலமாக இல்லாத ஒரே ஜீவன் மாப்பிள்ளையின் கீபோர்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பீர்கள். உங்கள் போனை எடுப்பதே உங்கள் மகன்தானே! நேற்றுக் கூப்பிட்டபோதும், "அம்மா குளிக்கிறாங்க அத்தை, என்ன விஷயம்?" என்றார். என்ன விஷயம் என்று அவரிடமே எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, கை தவறிப் பட்டுடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். உறையின் மேல் 'ஜாக்கெட் அளவு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்தபிறகும் பிரித்துப் படிக்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. தாங்கள் தனியாக உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் மகன் தங்கமான பிள்ளை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அவர் எங்கள் வீட்டில் இருக்க ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் பேசிய வார்த்தைகள் மொத்தமே மூன்று: "சரிங்கத்தை", "போதுங்கத்தை", "பரவாயில்லீங்கத்தை". இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனுஷருக்குப் பசியா, கோபமா, தலைவலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்போதுதான் அவருடைய கீபோர்டு எனக்குக் கை கொடுத்தது. நான் தையல் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதே சோபா உறையின் தையல் கோணல் என்று சொன்னேன், நீங்களும் பெரிய மனசோடு சிரித்தீர்கள். எத்தனை மெஷின் ஓடினாலும் எதில் நூல் அறப்போகிறது என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவேன். அந்தக் காது சும்மா இருக்குமா? மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார், நான் வெளியே காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஆபீஸ் வேலை என்றால் டடக் டடக் என்று சீராக வரும். கேம் விளையாடினால் படபடவென்று கொட்டும். உங்கள் மருமகளோடு மனஸ்தாபம் என்றால் ஒரு டக், அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு டக். அந்த மாதிரி நாட்களில் நான் ஒன்றும் கேட்காமல் காபியை மட்டும் கொஞ்சம் திக்காகப் போட்டு வைத்துவிடுவேன். இந்த ஏற்பாட்டில் எங்கள் குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் உங்கள் மருமகள் (என் மகள் என்று சொல்லிக்கொள்ள இப்போது மனம் வரவில்லை) வீட்டுத் தரகரோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது. தனி வீடு பார்க்கிறார்களாம். ஏன்டி, எங்கள் மேல் என்ன குறை என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, அவருக்குத் தனியா ஒரு ரூம் இருந்தா தேவலை, அவ்வளவுதான்" என்று மழுப்பினாள். இங்கே மட்டும் என்ன, அவரை ஹாலிலா படுக்க வைத்திருக்கிறோம்? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை சம்பந்தியம்மா. இருக்கிறது ஒரே பெண். அவள் அடுத்த தெருவுக்குப் போனாலும் எனக்கு அது வேறு ஊர்தான். மாப்பிள்ளை மனசில் என்னவோ இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார், அவர் உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் ஏதாவது ஒரு நல்லது செய்து அவர் மனசைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். அங்கேதான் சனி பிடித்தது.

அறையைச் சுத்தம் பண்ணினேன். திரைச்சீலையைத் துவைத்தேன். மேஜையைத் துடைத்தேன். துடைக்கும்போது கை பட்டு கீபோர்டு டடக் என்றது. பாவம், இது எவ்வளவு நாளாக இப்படிக் கத்திக்கொண்டிருக்கிறது, யாராவது கவனித்தார்களா என்று தோன்றியது. எங்கள் ஆலையில் ஒரு மெஷின் இப்படிக் கத்தினால் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வேன்: எண்ணெய். வீட்டில் என் தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் எண்ணெய்க் குப்பி இருக்கிறது, நீள மூக்கு, சொட்டுக்கூட சிந்தாது. மாப்பிள்ளையின் டிராயரில் பொத்தானைக் கழற்றுகிற குட்டி இடுக்கி ஒன்றும் இருந்தது. முறைப்படிதான் செய்தேன். ஒரு பொத்தானைக் கழற்றுவது, அடியில் எழும்பி நிற்கிற வெள்ளைத் தண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுவது, பத்துத் தடவை அமுக்குவது, பொத்தானை அதே இடத்தில் மாட்டுவது, அடுத்தது. நீளப் பொத்தானுக்கு மட்டும், பெரிய உடம்பாயிற்றே என்று தாராளமாக விட்டேன். முடித்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக, தட்டிப் பார்த்தேன்.

துப்.

டடக் போய்விட்டது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் துப், துப். எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்து தட்டிப் பார்த்தார். "முடிஞ்சுது. இதைக் கொன்னுட்ட" என்றார். எப்போதும் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுகிற மனுஷர்! எண்ணெய் வடியட்டும் என்று கீபோர்டை பால்கனியில் செங்குத்தாக நிறுத்தி, கீழே அன்றைய பேப்பரை விரித்தேன். அது வடித்த எண்ணெயில் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகி, விளையாட்டுச் செய்தி வழியாகப் பின்பக்கத்து வரன் விளம்பரம் தெரிந்தது. இவர் அதைச் சேர்த்துப் படித்துவிட்டு, பந்து வீச்சாளருக்கு நல்ல குடும்பத்தில் பெண் தேவை என்று எனக்கு வாசித்துக் காட்டினார். சத்தம் மட்டும் திரும்பி வரவில்லை.

இதில் இன்னொரு இடி, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அணிக்கு இறுதிப் போட்டி. தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலு நண்பர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் சுட்டுக்கொள்வார்களே, அதுதான். முதல்தடவை அறைக்குள்ளிருந்து "செத்தேன்டா" என்று அவர் கத்தியபோது நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். ஆக, போட்டிக்கு முன் அதே மாதிரி புதுசு ஒன்று வாங்கி, பழையதன் இடத்தில் வைத்துவிட வேண்டும், மூச்சு விடக்கூடாது. அது ஒன்றுதான் வழி.

கடைக்குப் போய் போட்டோவைக் காட்டினோம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். வெளியே பார்ப்பதற்கு இதே மாதிரி நிறைய இருக்கிறதாம், உள்ளே இருக்கிற சுவிட்சுதான் முக்கியமாம். "உள்ள தண்டு என்ன கலரும்மா?" என்றார். வெள்ளை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சிவப்பு, பழுப்பு, நீலம்னா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன். வெள்ளை மட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். எப்படிச் சத்தம் போடும்?" நான் டடக் டடக் என்று வாயால் செய்து காட்டினேன். அவர் டிடிக் டிடிக்கா என்று கேட்டார். இல்லை, டடக் என்றேன். என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து டொடக் என்றார். கடையில் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். கடைசியில் கடைக்காரர் சிவப்பு, பழுப்பு, நீலம் மூன்றையும் எடுத்துக் கொடுத்து, "உங்க வெள்ளை இதுல எது மாதிரின்னு வீட்டுல வச்சுத் தட்டிப் பாருங்க, சனிக்கிழமைக்குள்ள ரெண்டைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று எங்களை அனுப்பிவைத்தார். எங்களை அனுப்புவதற்காக முப்பதையும்கூடக் கொடுத்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

என் வீட்டுக்காரரின் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாட்டி அடிக்கிற இந்தக் கடிதமே அந்தப் பரீட்சைதான். இதுவரை தாங்கள் வாசித்தது முழுவதும் சிவப்பில் அடித்தது. சிவப்பு ரொம்ப அவசரக்குடுக்கை. விரல் கிட்டே போனாலே எழுத்து விழுந்துவிடுகிறது. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் 'கககககக' என்று ஒரு வரி ஓடிவிட்டது, அழிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இதன் மேல் வைத்துவிட்டுப் போனார், கண்ணாடி தானாகவே அரைப் பக்கம் எழுதிவிட்டது. தட்டினால் சத்தமும் கிடையாது. மாப்பிள்ளையுடையது இதுவல்ல.

இப்போது பழுப்புக்கு மாறியிருக்கிறேன். இதைப் பற்றி என்ன சொல்வது? நல்ல பிள்ளை. அமுக்கும்போது நடுவில் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரிகிறது, மாமியார் ஒரு வேலை சொன்னால் மருமகள் சரி என்பதற்கு முன்னால் விடுகிற மூச்சு மாதிரி. (உங்கள் மருமகளைச் சொல்லவில்லை.) சத்தம் போடுகிறதா என்றால் போடுகிறது, போடவில்லையா என்றால் போடவில்லை. இரண்டுங்கெட்டான். இதில் அடிக்கும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது. இந்தப் பத்தி இதோடு போதும்.

இது நீலம்! சம்பந்தியம்மா, இதில் உட்கார்ந்தவுடன் எனக்கு ஒரு தெம்பு வருகிறது பாருங்கள்! ஒவ்வொரு எழுத்துக்கும் டிடிக், டிடிக் என்று யாரோ ஆமாம் போடுகிற மாதிரி இருக்கிறது. நான் சொல்வதற்கு என் வீட்டில் யார் ஆமாம் போட்டார்கள் இத்தனை காலம்? கீபோர்டாவது போடட்டும்! ஆனால் ஒன்று, இதில் அடித்தால் கோபம் தன்னால் வந்துவிடுகிறது. கீழ்வீட்டில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறாரே, அவர் படியேறி வந்துவிட்டார். "மேல என்னம்மா, ஆணி அடிக்கிறீங்களா? நாற்காலியில படுத்திருக்கிறவர் பயந்து என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார், விட மாட்டேங்கிறார்" என்றார். லெட்டர் எழுதறேன் டாக்டர், எழுதக்கூடாதா, உங்க டிரில்லு மிஷின் சத்தத்தை நாங்க இத்தனை நாளா பொறுத்துக்கிட்டு இல்லையா, உங்க பேஷண்டு போடற கூச்சலைக் கேட்டு ஒரு நாளாவது நாங்க கீழ இறங்கி வந்திருப்போமா என்று நானும் நீலத்தின் தெம்பில் கேட்டுவிட்டேன். மனுஷர் வந்த வழியே போய்விட்டார். பிறகு மனசு கேட்காமல், கீபோர்டுக்கு அடியில் என் இஸ்திரிக் கம்பளியை நாலாக மடித்துப் போட்டேன். இப்போது பரவாயில்லை.

நீலம்தானா என்று உறுதியாகச் சொல்வதற்கு ஒரு பரீட்சை வைத்தோம். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தட்டுவது, அவர் வெளியே நின்று மாப்பிள்ளை சத்தம் மாதிரி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வது. அவருக்கு வலது காது மந்தம். இடது காதைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அது தெரியாமல் நான் கதவைத் திறந்தேன். விழுந்தவர் எழுந்து, "நீ கடிதம் எழுதற மாதிரி தட்டினா எப்படித் தெரியும்? அவர் கேம் ஆடற மாதிரி தட்டணும்" என்றார். அதுவும் நியாயம்தான் என்று நீலத்தை மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் மாட்டி கேமைத் திறந்தோம். இவர் உட்கார்ந்தார். திரையில் ஒரு ஆள் துப்பாக்கியோடு போய் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். திடீரென்று ஸ்பீக்கரில் சில பையன்கள், "டேய் மச்சான், ஊருலேருந்து வந்துட்டியா?" என்று ஒரே சமயத்தில் கத்தினார்கள். இவர் திகைக்கவே இல்லை. "மாப்பிள்ளை ஊருக்குப் போயிருக்கார் தம்பி, நான் அவர் மாமனார் பேசறேன். நீங்கள்ளாம் என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று குசலம் விசாரிக்க ஆரம்பித்தார். பதில் வருவதற்குள் எதிரணி சுட்டுவிட்டது, டடக்கா டிடிக்கா என்று தெரியாமலே பரீட்சை முடிந்தது. அந்தப் பையன்கள் மாப்பிள்ளையிடம் சொல்லித் தொலைத்திருப்பார்களோ என்று எனக்கு இப்போது அதுவேறு கவலை.

ஆகையால் சம்பந்தியம்மா, பெற்றவர் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். அவர் கல்யாணத்துக்கு முன்பு உங்கள் வீட்டில் இருந்தபோதும் இதே கீபோர்டுதானே? எந்தச் சத்தம் என்று நீங்கள் சொன்னால் போதும். போனில் நேராகச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் அவர் இருப்பார். சிவப்பு என்றால், "தக்காளி வாங்கிட்டீங்களா?" என்று கேளுங்கள். பழுப்பு என்றால் உருளைக்கிழங்கு. நீலம் என்றால் கத்திரிக்காய். நீலக் காய் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நான் புரிந்துகொள்வேன். அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்பதையும், ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கத்துவார் என்றால் எனக்கு நிம்மதி. வெறுமனே "பரவாயில்லீங்கத்தை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தரகருக்குப் போன் போடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன் அவர்களுக்கு எங்கள் இருவரின் வணக்கம், முழங்காலை மடக்காமல் உட்காரச் சொல்லவும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆனால் நான் ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், திடீரென்று எதற்கு என்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை, குறிப்பாகக் காய்கறியை, எதிர்பார்க்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. இவ்வளவு தட்டியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன்.

கூரியர்காரர் வருவார் என்று கதவைத் திறந்தால், மகளும் மாப்பிள்ளையும் பெட்டியோடு நிற்கிறார்கள்! மூன்று நாள் முன்னதாகவே கிளம்பி வருகிறார்கள் என்று நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? (சொல்லத்தான் கூப்பிட்டீர்களாம். உங்கள் பெயரைப் பார்த்ததும், கடிதம் இன்னும் கிளம்பவே இல்லை என்பதை மறந்து, காய்கறிதான் என்று நினைத்து நான் ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது.) நண்பர்கள் சொல்லிவிட்டார்களாம், "உன் மாமனார் செம ஆளுடா, அடுத்த மேட்ச்லயும் இறக்கி விடு" என்று. சாப்பாட்டு மேஜையில் நாலு கீபோர்டு வரிசையாகக் கிடந்தன. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் மறைந்தார், நான் பிரிட்ஜுக்குப் பின்னால். மாப்பிள்ளை நேராகப் போய்த் தன்னுடையதைத் தட்டினார். துப். இன்னொரு தடவை துப். கண்ணை மூடிக்கொண்டு நீளப் பொத்தானைத் தட்டினார்.

"அத்தை, இதுக்கு என்ன போட்டீங்க?"

"மெஷின் எண்ணெய் மாப்பிள்ளை. தெரியாம…"

"எத்தனை சொட்டு?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. நீளத்துக்கு மட்டும் கூடப் போயிடுச்சு."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "வழுவழுன்னு வெண்ணெய் மாதிரி போகுது அத்தை! இதுக்குன்னே எண்ணெய் போட்டுக் குடுக்க ஆள் இருக்காங்க. கைப்பக்குவம் இல்லாதவங்க கிட்டக் குடுத்தா கெட்டுப் போயிடுமேன்னு பயந்துதான் விட்டு வச்சிருந்தேன்!" அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள், சுவிட்சு என்றால் என்ன, உள்ளே ஸ்பிரிங் எப்படி, சிவப்பு ஏன் அவசரக்குடுக்கை என்று, காபி ஆறி ஆடை கட்டும்வரை பேசினார். உங்கள் மகனுக்கு இவ்வளவு பேச வரும் என்று ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை?

பேசி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சத்தம் தொந்தரவா இருக்குன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம் அத்தை. அதனாலதான் எப்பவும் கதவைச் சாத்திக்குவேன். வீடு பாக்கச் சொன்னதும் அதுக்குத்தான், உங்களுக்கு மத்தியானத் தூக்கம் கெடுதேன்னு" என்றார்.

"ஐயோ மாப்பிள்ளை, அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்!" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மகள் தரகருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிவப்பும் பழுப்பும் கடைக்குத் திரும்பப் போகின்றன. நீலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளை எனக்குக் கொடுத்துவிட்டார். போட்டி முடிந்ததும் நண்பர்களும் தங்கள் கீபோர்டுகளை எண்ணெய் போடக் கொண்டுவருகிறார்களாம். அதனால் அண்ணனுக்கு முழங்கால் ஒத்துழைத்தால், உங்கள் பக்கத்துத் தையல் கடையில் நல்ல மெஷின் எண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். தக்காளி வேண்டாம்.

மாப்பிள்ளை இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறார், ஆனால் வெறும் துப் துப் ஆகிவிட்டதால் எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. இனி அவர் மனசை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்தபடி நான் நீலத்தில் தட்டுவதை ஒரு நிமிஷம் நிறுத்தினேன். உள்ளேயிருந்து உடனே குரல் வந்தது: "என்னத்தை, சத்தத்தைக் காணோம்? உடம்பு சரியில்லையா?"

கண்ணாடியைத் துடைக்கிறேன் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, இந்த வரியை வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். துடைத்தது கண்ணாடியை இல்லை. அது உங்களோடு இருக்கட்டும்.